ஒரே ஓர் உறுப்பினர்: லட்சத்தீவுத் தொகுதியின் தேர்தல் கதை

மக்களவைத் தேர்தல் முடிவுகள் வெளியாகும் நாளில் நான் முதலில் தேடிப் பார்ப்பது லட்சத்தீவுத் தொகுதியின் முடிவைத்தான். நாட்டின் 543 தொகுதிகளில் வாக்காளர் எண்ணிக்கையில் ஆகச் சிறியது அது. 2024-இல் அங்கே வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் ஏறத்தாழ 57,800 பேர். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கே சராசரியாக இரண்டரை லட்சம் வாக்காளர்களுக்கு மேல் இருந்தார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் அளவு விளங்கும். இந்த எண்ணிக்கையைக் காட்டி, 'இந்தியாவின் மிகச் சிறிய தொகுதி' என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டுவிட்டு நம் நாளிதழ்கள் நகர்ந்துவிடுகின்றன. அந்தத் தொகுதிக்குப் பின்னால் அறுபது எழுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. தங்களுக்காகப் பேச ஒருவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை ஒரு மக்களுக்கு எவ்வளவு தாமதமாகக் கிடைத்தது, கிடைத்த பின்னும் அது எத்தனை முறை அவர்கள் கையை மீறிப் போனது என்பதை அந்த வரலாற்றைப் படிக்கும்போது உணரலாம்.

லட்சத்தீவுக்குச் சட்டமன்றம் கிடையாது, முதலமைச்சர் கிடையாது. மாநிலங்களவையிலும் அதற்கு இடம் இல்லை. குடியரசுத் தலைவர் நியமிக்கும் நிர்வாகி ஒருவர் தலைநகரான கவரத்தியிலிருந்து ஆள்கிறார். தீவு மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்து, தில்லியில் எழுந்து நின்று பேசக்கூடியவர் அந்த ஒரே மக்களவை உறுப்பினர் மட்டுமே. தமிழ்நாட்டில் குடிநீர் வராவிட்டால் கவுன்சிலரிடம் போகலாம், எம்.எல்.ஏ.விடம் போகலாம், அமைச்சரிடம் மனுக் கொடுக்கலாம். அங்கே கப்பல் டிக்கெட், மருத்துவமனை, மீன் விலை, ஆசிரியர் பணியிடம், நிலம் ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தில்லியை எட்டும் ஒரே கதவுதான் இருக்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் 85 விழுக்காட்டை ஒட்டியே வாக்குப்பதிவு நிற்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை என்று நான் கருதுகிறேன்.

மொத்தம் 36 தீவுகள், எல்லாம் சேர்ந்து 32 சதுர கிலோமீட்டர் நிலம். மக்கள் வாழ்பவை பத்து: கவரத்தி, அகத்தி, அமினி, கத்மத், கில்தான், செத்லத், பித்ரா, ஆந்த்ரோத், கல்பேனி, மினிக்காய். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 64 ஆயிரத்துச் சொச்சம். அதில் பித்ராவில் வாழ்ந்தவர்கள் 271 பேர்தான். கொச்சியிலிருந்து கவரத்தி ஏறத்தாழ 400 கிலோமீட்டர். கப்பலில் ஓர் இரவாவது பயணம் செய்தாக வேண்டும், வழியில் மற்றத் தீவுகளைத் தொட்டுச் சென்றால் இன்னும் நேரம் ஆகும்.

இந்த நில அமைப்பில் தேர்தல் நடத்துவது எப்படி என்று பாருங்கள். தீவைச் சுற்றிப் பவளப்பாறை வேலி போட்டதுபோல் நிற்பதால், பெரிய கப்பல் பல இடங்களில் கரையை நெருங்க முடியாது. அது வெளிக்கடலில் நிற்க, பக்கவாட்டில் வந்து அணையும் படகுக்கு அலை ஏறி இறங்கும் கணம் பார்த்து ஆள்கள் இறங்க வேண்டும். வாக்குப்பதிவு இயந்திரப் பெட்டிகளும் மை, முத்திரை, படிவக் கட்டுகளும் அதே வழியில்தான் கைமாறி இறங்குகின்றன. மே மாதத்தின் நடுவில் தென்மேற்குப் பருவக்காற்றுக் கடலைக் கொந்தளிக்கச் செய்யத் தொடங்கியதும் சிறு மரக்கலங்களின் போக்குவரத்து நிறுத்தப்படும். அதற்கு முன் வாக்குப்பதிவை முடித்தாக வேண்டும். 2014-இல் ஏப்ரல் 10, 2019-இல் ஏப்ரல் 11, 2024-இல் ஏப்ரல் 19 என்று அண்மைத் தேர்தல்களில் இத்தொகுதி தொடக்கக் கட்டங்களிலேயே வாக்களித்துவிட்டது. பிறகு நாட்டின் மற்றப் பகுதிகளெல்லாம் வாக்களித்து முடிக்கும்வரை, ஒரு மாதத்துக்கும் மேலாகத் தங்கள் முடிவுக்காக அவர்கள் காத்திருந்தார்கள்.

இத்தீவுகளின் அரசியல் வரலாற்றில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 1956 நவம்பர் 1 வரை இவை சென்னை மாநிலத்தைச் சேர்ந்தவை. அமினி, கத்மத், கில்தான், செத்லத், பித்ரா ஆகிய வடதீவுகள் தென்கன்னட மாவட்டத்தின் கீழும், மற்றவை மலபார் மாவட்டத்தின் கீழும் இருந்தன. மாவட்ட அலுவலகம் கடலுக்கு அப்பால் இருந்தது, அதிகாரி ஆண்டில் எப்போதாவது கப்பலில் வந்து போவார். மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது இத்தீவுகளைத் தனி யூனியன் பிரதேசமாக்கினார்கள். அதன் பிறகும் 1964 வரை தலைமையகம் கோழிக்கோட்டில்தான் இருந்தது. 1973-இல்தான் லட்சத்தீவு என்ற பெயர் வந்தது. அதுவரை ஆவணங்களில் 'லக்கதீவு, மினிக்காய், அமினிதீவு' என்று நீட்டி எழுதிக்கொண்டிருந்தார்கள்.

யூனியன் பிரதேசமானதும் மக்களவையில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. ஆனால் தேர்தல் வைக்கப்படவில்லை. யூனியன் பிரதேச உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை நாடாளுமன்றம் சட்டத்தின் மூலம் வகுக்கலாம் என்று அரசமைப்பின் 81-ஆம் பிரிவு சொல்கிறது. அதன்படி இத்தீவுகளின் உறுப்பினரைக் குடியரசுத் தலைவர் நியமித்தார். 1957 முதல் 1967 வரை அப்படி நியமன உறுப்பினராக இருந்தவர் கே. நல்லகோயா தங்கள். நாடு முழுவதும் எழுத்தறிவில்லாத கோடிக்கணக்கானோர் சின்னம் பார்த்து வாக்களித்துக் குடியரசை நிலைநாட்டிய அதே பத்தாண்டில், கடல் தொலைவு என்பதற்காக ஒரு மக்கள் கூட்டத்துக்கு அந்த உரிமை தள்ளிவைக்கப்பட்டது. நிர்வாக வசதிக்காகச் செய்தது என்று இதைக் கடந்துவிட என்னால் முடியவில்லை. 1965-இல் இயற்றப்பட்ட யூனியன் பிரதேசங்களுக்கான நேரடித் தேர்தல் சட்டம்தான் இதை மாற்றியது. 1967-இல் லட்சத்தீவு மக்கள் முதன்முறையாகத் தங்கள் மக்களவை உறுப்பினருக்கு வாக்களித்தார்கள்.

அந்த முதல் தேர்தலில் வென்றவர் பி.எம். சயீத். ஆந்த்ரோத்தில் பிறந்தவர், அப்போது அவருக்கு 26 வயதுகூட நிறையவில்லை. கட்சி எதுவும் இல்லாமல் சுயேச்சையாக நின்று வென்று, பின்னர் காங்கிரசில் சேர்ந்தார். 1971-இல் அவரை எதிர்த்து யாரும் களத்தில் இல்லாததால் போட்டியின்றித் தேர்வானார். இதை நாம் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். 1956-இல் தனிப் பிரதேசம் ஆனதிலிருந்து 1977 வரை, இருபது ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில், லட்சத்தீவு மக்கள் மக்களவைக்காக வாக்குச்சாவடிக்குச் சென்றது 1967-இல் ஒரே ஒருமுறைதான். இத்தொகுதியை 'சயீத் கோட்டை' என்று எழுதுபவர்கள், அந்தக் கோட்டையின் அடித்தளம் எத்தகைய காலத்தில் போடப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதற்காகச் சயீதின் வெற்றிகளைக் குறைத்துச் சொல்வதும் நியாயமாகாது. 1967 முதல் 1999 வரை தொடர்ந்து பத்து முறை அவர் தேர்வானார். காங்கிரஸ் வட இந்தியாவில் துடைத்தெறியப்பட்ட 1977-இலும் அவர் தோற்கவில்லை. மத்தியில் உள்துறை இணையமைச்சர் உள்ளிட்ட பொறுப்புகளை வகித்தார், 1998 முதல் 2004 வரை மக்களவைத் துணை சபாநாயகராக இருந்தார். நாட்டின் மிகச் சிறிய தொகுதியிலிருந்து வந்தவர் அவையை நடத்தும் நாற்காலியில் அமர்ந்தது தீவு மக்களுக்குப் பெருமையாக இருந்திருக்கும். அதே வேளையில் தீவின் அரசியல் முழுவதும் ஒரு மனிதரைச் சார்ந்தும் எதிர்த்தும் இரண்டாகப் பிரிந்ததும் அந்த ஆண்டுகளில்தான். எதிர்த்தரப்பின் முகமாக நெடுங்காலம் இருந்தவர் மருத்துவர் கே.கே. முகமது கோயா. கட்சிப் பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தன, அணிகள் மாறவில்லை. தில்லிக் கட்சியின் கொடி இங்கே வெறும் போர்வைதான். ஜனதா தளமோ ஐக்கிய ஜனதா தளமோ தேசியவாத காங்கிரசோ, எதன் பெயரில் வந்தாலும் அது 'சயீதுக்கு எதிரணி' என்றே தீவில் பொருள்பட்டது.

யார் இங்கே நிற்கலாம் என்பதிலும் இத்தொகுதிக்குத் தனி விதி உண்டு. இது பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட இடம். தீவில் பிறந்து, தாய் தந்தை இருவரும் தீவில் பிறந்தவர்களாக இருப்பவர்களைப் பழங்குடியினர் என்று குடியரசுத் தலைவரின் ஆணை வகுத்திருக்கிறது. பொதுவாக, பழங்குடித் தொகுதிகளில் வேறு மாநிலத்துப் பழங்குடியினரும் போட்டியிட முடியும். லட்சத்தீவில் அப்படி முடியாது. இத்தொகுதியின் வாக்காளராகவும் இத்தீவுகளின் பழங்குடியினராகவும் இருப்பவர் மட்டுமே நிற்கலாம் என்று 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்கிறது. எனவே கட்சித் தலைமை தில்லியிலிருந்து ஒருவரை இங்கே இறக்கிவிட வழியில்லை. இதை ஒரு நல்ல பாதுகாப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் இந்த வரையறையில் நெடுங்காலம் ஓர் அநீதியும் இருந்தது. நல்ல மருத்துவமனை வேண்டிக் கொச்சிக்கோ கோழிக்கோட்டுக்கோ மங்களூருக்கோ பிரசவத்துக்குச் சென்ற தாயின் குழந்தை, தீவில் பிறக்கவில்லை என்ற காரணத்தால் பழங்குடித் தகுதியை இழக்கும் நிலை அது. 2008-இல்தான் ஆணை திருத்தப்பட்டு, அத்தகைய குழந்தைகள் தீவில் நிலையாகக் குடியேறினால் தீவில் பிறந்தவர்களாகவே கருதப்படுவார்கள் என்று ஆனது. பிரசவ வசதி இல்லாததற்கான தண்டனையைப் பிறந்த குழந்தை சுமக்க வேண்டியிருந்தது. இப்படி ஒரு சிக்கலை நாடாளுமன்றத்துக்கு எடுத்துச்சொல்ல, தீவின் வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்த ஓர் உறுப்பினர் எவ்வளவு தேவை என்பதை விளக்க எனக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மினிக்காயைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். மற்ற ஒன்பது தீவுகளில் மலையாளத்தை ஒட்டிய ஜெசரி பேசப்படுகிறது, மினிக்காயில் மாலத்தீவு மொழியின் வகையான மஹல். தூத்துக்குடிக் கடைகளில் மாசிக் கருவாடு வாங்கிப் பழகியவர்களுக்கு அந்தத் தீவின் தொழில் புரியும். சூரை மீனை அவித்து, புகையூட்டி, கல்லைப்போல் இறுகும்வரை வெயிலில் காய வைப்பதுதான் அது. மினிக்காய் ஆண்களில் பலர் வணிகக் கப்பல்களில் மாலுமிகளாக உலகெங்கும் போகிறார்கள். வாக்குப்பதிவு நாளில் கடலில் இருக்கும் அந்த மாலுமிக்குப் படைவீரருக்கு உள்ளதுபோல் அஞ்சல் வாக்கு இல்லை. கேரளத்தில் படிக்கும் மாணவரும் வேலை பார்ப்பவரும் வாக்களிக்க வேண்டுமானால், அந்த வாரத்தில் கப்பலில் இடம் கிடைத்தாக வேண்டும். வெற்றி தோல்வியைச் சில நூறு வாக்குகள் தீர்மானிக்கும் தொகுதியில், கப்பல் அட்டவணையும் தேர்தலின் ஒரு பகுதிதான்.

அப்படித் தீர்மானித்த ஆண்டுதான் 2004. முப்பத்தேழு ஆண்டுகள் தோல்வி அறியாத சயீத், ஐக்கிய ஜனதா தளத்தின் மருத்துவர் பி. பூக்குஞ்ஞிக் கோயாவிடம் 71 வாக்குகளில் தோற்றார். கோயாவுக்கு 15,597, சயீதுக்கு 15,526. அந்தத் தேர்தலில் நாடு முழுவதிலும் மிகக் குறைந்த வாக்கு வேறுபாடு இதுதான். வாஜ்பாய் அரசு வீழ்ந்து காங்கிரஸ் ஆட்சிக்கு வந்த அதே தேர்தலில், காங்கிரசின் மிகப் பழைய தொகுதிகளுள் ஒன்று பா.ஜ.க.வின் கூட்டணிக் கட்சிக்குப் போனது. இரண்டையும் முரணாக நான் பார்க்கவில்லை. தீவு மக்கள் வாக்களித்தது தில்லிக் கூட்டணிகளுக்கு அல்ல, தங்களுக்குள்ளே முப்பது ஆண்டுகளாக நடந்துவந்த வழக்குக்குத்தான். சயீத் தோற்றபின்னும் மன்மோகன் சிங் அமைச்சரவையில் மின்துறை அமைச்சரானார், தில்லியிலிருந்து மாநிலங்களவைக்குச் சென்றார், 2005 டிசம்பரில் சியோலில் காலமானார்.

2009-இல் அவருடைய மகன் ஹம்துல்லா சயீத், தந்தை முதலில் வென்றபோது இருந்ததைப் போன்ற இளம் வயதிலேயே, 2,198 வாக்கு வேறுபாட்டில் தொகுதியை மீட்டார். அந்த மக்களவையின் மிக இளைய உறுப்பினர் அவர். 2014-இல் தேசியவாத காங்கிரசின் முகமது பைசல் அவரை 1,535 வாக்குகளில் வென்றார், 2019-இல் மீண்டும் 823 வாக்குகளில் வென்றார். 2019-இல் நாடெங்கும் பெரும் வெற்றி பெற்ற பா.ஜ.க.வுக்கு இங்கே கிடைத்தவை 125 வாக்குகள்.

இந்த அளவு நெருக்கமான போட்டி சிறிய தீவுகளில் தாங்க முடியாத கசப்பையும் கொண்டுவருகிறது. ஒரே பள்ளிவாசல், ஒரே படகுத்துறை, ஒரே உறவுக்கூட்டம். தோற்றவரும் வென்றவரும் மறுநாள் எதிரெதிரே நடந்தாக வேண்டும். 2009 தேர்தல் நேரத்தில் ஆந்த்ரோத்தில் நடந்த மோதலில் பி.எம். சயீதின் மருமகன் தாக்கப்பட்டார். அந்த வழக்கில் 2023 ஜனவரி 11 அன்று கவரத்தி அமர்வு நீதிமன்றம் பைசல் உள்ளிட்டோருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. இரண்டே நாள்களில் மக்களவைச் செயலகம் அவரைத் தகுதிநீக்கம் செய்தது. ஜனவரி 18 அன்று தேர்தல் ஆணையம் பிப்ரவரி 27-இல் இடைத்தேர்தல் என்று அறிவித்தது. ஜனவரி 25 அன்று கேரள உயர்நீதிமன்றம் தண்டனையையும் குற்றத்தீர்ப்பையும் நிறுத்திவைத்தது. குறுகிய எஞ்சிய காலத்துக்காக இடைத்தேர்தல் நடத்துவதால் நாட்டுக்கு ஆகும் செலவையும் அத்தீர்ப்பு கருத்தில் கொண்டது. இடைத்தேர்தல் கைவிடப்பட்டது. ஆனாலும் அவருடைய பதவி உடனே திரும்பவில்லை. உச்சநீதிமன்றத்தில் வழக்கு விசாரணைக்கு வரவிருந்த மார்ச் 29 அன்றுதான் தகுதிநீக்கம் நீக்கப்பட்டது. ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் உயர்நீதிமன்ற ஆணையை ரத்து செய்து மறு விசாரணைக்கு அனுப்ப, அக்டோபரில் உயர்நீதிமன்றம் குற்றத்தீர்ப்பை நிறுத்த மறுக்க, மீண்டும் தகுதிநீக்கம். சில நாள்களில் உச்சநீதிமன்றம் தடை விதிக்க, நவம்பரில் மீண்டும் பதவி.

அந்த வழக்கின் நியாய அநியாயம் நீதிமன்றத்துக்குரியது. என் மனத்தை உறுத்துவது வேறு. அந்த ஓராண்டில் லட்சத்தீவு மக்கள் ஒரே ஆண்டில் இருமுறை உறுப்பினரை இழந்தார்கள், இருமுறை பெற்றார்கள், எதிலும் அவர்களுடைய வாக்கு கேட்கப்படவில்லை. வேறொரு தொகுதியில் உறுப்பினர் இடம் காலியானால் சட்டமன்ற உறுப்பினர்களாவது எஞ்சியிருப்பார்கள். இங்கே அந்த இடம் காலியாக இருந்த ஒவ்வொரு நாளும் 60 ஆயிரம் பேருக்குத் தில்லியில் குரலே இல்லை.

அந்தக் குரல் எதற்குத் தேவைப்பட்டது என்பதை 2021 காட்டியிருந்தது. நிர்வாகியாக வந்த பிரபுல் கோடா படேலின் காலத்தில் அடுத்தடுத்து வரைவு விதிகள் வெளிவந்தன. வளர்ச்சித் திட்டத்துக்காக நிலத்தை எடுத்துக்கொள்ளவும் மக்களை இடம் மாற்றவும் அதிகாரம் தரும் ஒரு விதி, விசாரணையின்றி ஓராண்டு வரை காவலில் வைக்கும் ஒரு விதி, இரண்டு குழந்தைகளுக்கு மேல் உள்ளவர்கள் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க முடியாது என்ற ஒரு விதி. கல்வி, சுகாதாரம், வேளாண்மை, மீன்வளம், கால்நடை ஆகிய துறைகள் மாவட்டப் பஞ்சாயத்தின் கையிலிருந்து நிர்வாகத்தின் கைக்குப் போயின. ஜூன் 7 அன்று தீவு மக்கள் தத்தம் வீடுகளிலேயே 12 மணி நேரம் உண்ணாநோன்பிருந்தார்கள். காங்கிரசாரும் தேசியவாத காங்கிரசாரும், அரை நூற்றாண்டுப் பகையை ஒதுக்கிவைத்து ஒரே மேடைக்கு வந்தது அப்போதுதான். கேரள சட்டமன்றம் மே 31 அன்று நிர்வாகியைத் திரும்பப் பெறக் கோரி ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. லட்சத்தீவுக்காகத் தீர்மானம் போட அண்டை மாநிலத்தின் சட்டமன்றம் தேவைப்பட்டது, ஏனெனில் அவர்களுக்கென்று ஒன்று இல்லை.

2017 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்துகளின் ஐந்தாண்டுக் காலம் 2023 தொடக்கத்தில் முடிந்தது, உடனே புதிய தேர்தல் நடத்தப்படவில்லை. உறுப்பினர் தகுதிநீக்கமும் அதே வாரங்களில்தான் நிகழ்ந்தது. நியமன உறுப்பினர் காலத்துக்குப் பிறகு, மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட எந்த மட்டத்திலும் இல்லாத நிலை மீண்டும் தீவுகளை எட்டிப் பார்த்தது.

2024-இல் இந்த அனுபவங்கள் அனைத்தையும் சுமந்துகொண்டு மக்கள் வாக்களித்தார்கள். அந்த ஆண்டு ஜனவரியில் பிரதமர் தீவுக்கு வந்து சென்றதும், அவரைக் குறித்து மாலத்தீவுத் துணை அமைச்சர்கள் சிலர் இட்ட சமூக ஊடகப் பதிவுகளால் எழுந்த சர்ச்சையும் நாடெங்கும் லட்சத்தீவைச் சுற்றுலாத் தலமாக மட்டுமே பேச வைத்திருந்தன. தேர்தலில் பழைய இரு அணிகளே நேருக்கு நேர் நின்றன. ஹம்துல்லா சயீத் 25,726 வாக்குகள் பெற்று, பிளவுபட்ட தேசியவாத காங்கிரசின் சரத் பவார் தரப்பில் நின்று 23,079 பெற்ற பைசலை 2,647 வாக்குகளில் வென்றார். பா.ஜ.க. தான் போட்டியிடாமல் ஆதரித்த அஜித் பவார் தரப்புத் தேசியவாத காங்கிரஸ் வேட்பாளருக்குக் கிடைத்தவை 201. தீவின் பெயரைச் சொல்லி நாடு முழுவதும் நடந்த ஆரவாரத்துக்கும் தீவு மக்கள் எழுதிய தீர்ப்புக்கும் இடையே இருக்கும் தொலைவை இந்த எண்ணைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது.

2025 ஜூலையில் பித்ரா தீவு முழுவதையும் பாதுகாப்புத் தேவைக்காகக் கையகப்படுத்தும் நோக்கில் சமூகத் தாக்க மதிப்பீடு நடத்தப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. ஹம்துல்லா சயீத் அதை வெளிப்படையாக எதிர்த்தார். முந்நூறு பேர்கூட இல்லாத ஒரு தீவின் வாக்குகள் எந்தத் தேர்தல் முடிவையும் தனியாக மாற்றிவிடாது என்று தோன்றலாம். 71 வாக்குகளில் முடிவு மாறிய தொகுதியில் அப்படிச் சொல்ல முடியாது. பித்ரா மக்கள் அங்கிருந்து எழுப்பப்பட்டால், தங்கள் தீவில் தங்கள் வாக்குச்சாவடியில் நின்று வாக்களிக்கும் உரிமையும் அவர்களோடு சேர்ந்து போய்விடும். நிலத்துக்கு இழப்பீடு கணக்கிடும் எந்தச் சட்டத்திலும் அதற்கான பத்தி இல்லை.